யாரும் தொடவில்லை

செக்கானூரணி. சனி ராத்திரி, பதினொன்று நாற்பது.
அன்றைக்கு எங்களுக்கு மூன்றாவது ஆட்டம்.
பாடிப் போனேன்.
இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் திரும்பினேன்.
உடம்பு திரும்பிவிட்டது. பாதம் திரும்பவில்லை.
இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால்.

காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.
எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன்.
கோட்டோரம் நின்ற நடுவருக்கும் கேட்டதாம்.

ஏழு பேர் நின்றார்கள், ஒருத்தியும் என்னைத் தொடவில்லை.
மைக்கில் 'அமுக்கு அமுக்கு' என்றவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
மூலையில் நின்ற மேலூர்ப் பிள்ளை
என்னைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள்,
பிறகு
இட்லிச் சட்டி சூடாறிவிட்டதா என்று பார்ப்பதுபோல
ஒற்றை விரலால் என் தோளைத் தொட்டாள்.
அவுட்.

கோரிப்பாளையத்தில், மாடியில் இருக்கிறது ஆக்னஸின் அறை.
கால் போனவர்களுக்கு மாடியில் வைத்தியம்:
மதுரையில் வாடகை அப்படி.
பதினெட்டுப் படி. அண்ணன் தூக்கி வந்தான்.
படிவத்தில் பெயர்: ஒச்சாதேவி. வயது: இருபது.
காயம் ஏற்பட்ட நேரம்: சனி, 11.40.
ஆக்னஸ் படித்துவிட்டு
"அதுக்கு முந்தி?" என்றார்.

அதற்கு முந்தி
சிறப்பு விருந்தினருக்காக ஒன்றரை மணி நேரம்
பிளாஸ்டிக் நாற்காலியில் உறைந்திருந்தோம்.
சால்வை முடிந்ததும் விசில்.
உடம்பைச் சூடாக்க யார் நேரம் கொடுத்தார்கள்?

"அதுக்கும் முந்தி?"
முந்தின ராத்திரி வேனில் உட்கார்ந்தபடி தூக்கம்.
மத்தியானம் ஒரு பரோட்டா.
சித்தி மகளின் ஷூ, ஒரு சைஸ் பெரிது,
இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும்.

"இன்னும் முந்தி?"
பேனாவை வாயில் வைத்துக்கொண்டேன்.
பதினைந்து நாளைக்கு முன்னால், நத்தத்தில்,
வலது கணுக்கால் பிசகியது.
கிரேப் பேண்டேஜைச் சாக்ஸுக்குள் ஒளித்தேன்.
கோச்சிடம் 'சும்மா சுளுக்கு' என்றேன்.
டீமில் மொத்தமே ஏழு பேர். பரிசு இருபதாயிரம்.

சனிக்கிழமை ஒடிந்தது
சனிக்கிழமை ஒடியவில்லை.

அந்த அறையில் எனக்குக் கூட்டாளிகள் உண்டு.
தல்லாகுளம் வங்கிக் காசாளர், ஐம்பத்திரண்டு வயது.
வாரம் முழுக்க நாற்காலி, ஞாயிறு மட்டும் பேட்மிண்டன்.
குதிகாலில் யாரோ கல்லை விட்டெறிந்ததுபோல் இருந்ததாம்.
சண்டைக்குத் தயாராகத் திரும்பியிருக்கிறார்,
பின்னால் சுவர் மட்டும்.
அவரையும் யாரும் தொடவில்லை.

போலீஸ் தேர்வுக்கு
ரேஸ்கோர்ஸில் விடியுமுன் ஓடுகிற கபிலனுக்கு
முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.
விழவே இல்லை அவன்.
ஒரு மாதத்தில் ஓட்டத்தை மூன்று மடங்காக்கினான், அவ்வளவுதான்.
எக்ஸ்ரே முதல் தடவை அதைக் காட்டவேயில்லை.

சிராய்ப்புதான் நல்ல பிள்ளை:
ரத்தம் காட்டும், அழும், ஆறிவிடும்.
சுளுக்கு வீங்கி ஊரைக் கூட்டும்.
முழங்காலுக்குள் நார் அறுந்தால்
வீக்கம் வடிந்த பிறகு வெளியே ஒன்றும் இருக்காது.
படியிறங்கும்போது மட்டும்
கால் இன்னொருத்தியுடையது ஆகிவிடும்.

அறுவை முடிந்தது. ஒன்பது மாதம் என்றார்கள்.
ஐந்தாவது மாதம்
நாலங்குலப் பலகையிலிருந்து குதிக்கச் சொன்னார் ஆக்னஸ்.
எட்டடி தாண்டிக் கோடு தொட்டவள்
நாலங்குலத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.
"கண்ணாடியைப் பாரு. முட்டி உள்ள சாயுது."
மறுபடி.
"சாயுது."
மறுபடி.

நேற்று தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.
'அக்கா, அன்னைக்குத் தொட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க. மேலூர் சகாயமேரி.'
சிரித்துவிட்டேன். பாயிண்ட் பாயிண்டுதானே.
முகப்புப் படத்தில் கோப்பையோடு நிற்கிறாள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
இடது சாக்ஸ் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது.

'கணுக்காலில் என்ன?' என்று கேட்டேன்.
எழுதினாள், அழித்தாள், எழுதினாள்.

'சும்மா சுளுக்குக்கா. நாளைக்கு பைனல்.'

பதில் எழுதவில்லை.
போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.